ஸ்டார்ட் ஆகி ஆஃப் ஆகும் பிக்கப்: முத்தோரை பாலாடாவில் ஒரு நிகழ்வு ஆய்வு

நீலகிரியில் டிசம்பர் பிறந்துவிட்டால் டீசல் வண்டியின் எல்லாக் கோளாறுக்கும் பனிதான் காரணம் என்று ஆகிவிடும். பாதி நேரம் அது உண்மையும்கூட. இந்த வண்டியில் அது உண்மை இல்லை. ஆனால் பனி நடுவில் வந்து நின்றுகொண்டு உண்மையான காரணத்தை மறைத்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். மலையில் வண்டி வைத்திருப்பவர்களும் வண்டி வேலை பார்ப்பவர்களும் படித்தால், ஒருவராவது தேவையில்லாமல் இன்ஜினைப் பிரிக்காமல் இருப்பார்.

வண்டியும் புகாரும்

ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரை பாலாடாவில் கேரட் போடும் ஒரு குடும்பத்தின் பழைய பிக்கப். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் டீசல் இன்ஜெக்ஷன்) வருவதற்கு முந்தைய காலத்து டீசல் இன்ஜின்: நாலு சிலிண்டர், டைரக்ட் இன்ஜெக்ஷன், டீசலை அழுத்தி அனுப்பும் இன்லைன் பம்ப், அந்தப் பம்பிலேயே டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும் ஃபீட் பம்பும் லைனில் டீசலை நிரப்பக் கையால் அடிக்கும் பிரைமரும். குளிரில் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் கிடையாது. கம்ப்யூட்டர் இல்லாததால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கவும் வழியில்லை. விடியுமுன் கேரட் மூட்டையோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும், சாயங்காலம் உரமோ வேறு சாமானோ ஏற்றிக்கொண்டு மேலே வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், மேட்டுப்பாளையம் முந்நூறு சொச்சம். அந்த உயர வித்தியாசத்தை அந்த இன்ஜின் தினமும் இறங்கி ஏறுகிறது.

டிசம்பர் நடுவிலிருந்து காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. பகலில் எங்கே நிறுத்தினாலும் ஒரே செல்ஃபில் எடுக்கும். விடியற்காலையில் மட்டும், பேட்டரி தீரும்வரை செல்ஃப் அடித்தாலும் பிடிக்காது. வீட்டுக்காரர் செலவுக்கு அஞ்சவில்லை. புது பேட்டரி போட்டார், செல்ஃப் மோட்டாரைப் பிரித்து பிரஷ் மாற்றினார். டீசல் ஃபில்டரை மாற்றி, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் நாலையும் சர்வீஸுக்குக் கொடுத்தார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியாக ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது) வைத்துப் பார்த்துவிட்டு, "அமுக்கம் போச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு போகத்துக் கேரட் பணம் அதற்கே போய்விடும். அந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்.

முதல் சில விநாடிகள்

ஸ்டார்ட்டிங் கோளாறு என்று வருகிறவர்கள் எல்லோரும் கதையின் முடிவைத்தான் சொல்வார்கள். பேட்டரி போனது, தள்ளினோம், பக்கத்து வண்டியில் ஒயர் போட்டோம். தொடக்கம் அவர்கள் வாயிலிருந்து தானாக வராது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

"அண்ணா, காலையில முதல் தடவை சாவியைத் திருப்பினதும் என்ன ஆகுது? அதை மட்டும் சொல்லுங்க."

"மொதல்ல எடுக்குதுங்க தம்பி. ரெண்டு மூணு செகண்ட் ஓடும். அப்புறம் சத்தம் எறங்கி, குலுங்கி ஆஃப் ஆயிரும். அதுக்கப்புறம் என்ன அடிச்சாலும் எடுக்காது."

"ரொம்பப் பனி விழுந்த அன்னைக்கும் அப்படித்தானா?"

"அன்னைக்கு ஓடறது இன்னும் கம்மிங்க. சும்மா ஒரு உறுமு உறுமும், அவ்வளவுதான்."

என்னைப் பொறுத்தவரை கோளாறின் பாதி இந்தப் பதிலிலேயே தெரிந்துவிட்டது. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் கிடையாது. காற்றை அமுக்கி அதில் பிறக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். குளிரோ கம்ப்ரஷன் குறைவோ காரணமாக இருந்தால், அந்த முதல் பற்றல்தான் இருப்பதிலேயே கஷ்டமானது. அதைத் தாண்டிவிட்டால் சிலிண்டர் சூடேறி, அடுத்தடுத்துச் சுலபமாகிக்கொண்டே போகும். இந்த வண்டி கஷ்டமானதைச் செய்துவிட்டுச் சுலபமானதில் அணைகிறது. ஃபில்டரிலும் பம்பிலும் தேங்கியிருந்த டீசலில் எடுத்து ஓடுகிறது, அது தீர்ந்ததும் பின்னால் வர வேண்டிய டீசல் வரவில்லை. எனக்குத் தோன்றிய படம் இதுதான். ஆனால் அளந்து பார்க்காமல் யாரிடமும் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் ஏற்கெனவே நாலு பேருடைய ஊகத்துக்குப் பணம் கட்டியிருந்தார்.

வண்டி இருக்கும் இடத்தில், கோளாறு வரும் நேரத்தில்

இதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் வண்டியை டவுனில், சமதளத்தில், வெயில் வந்த பிறகு பார்த்தவர்கள். அங்கே அந்த நேரத்தில் வண்டியில் கோளாறே இல்லை. அதனால் நான் வண்டியை வரச் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலமே அங்கே போய், எப்போதும் நிறுத்தும் இடத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, விடியுமுன் மறுபடி போனேன்.

பாலாடா பள்ளத்தாக்கு. தெளிந்த வானமுள்ள இரவில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து வழிந்து அடியில் தேங்கும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் வெளுத்துக் கிடப்பதற்கும் அதே காரணம்தான். அன்று காலை வண்டியின் கண்ணாடியில் உறைபனி பிடித்திருந்தது. வீடு ரோட்டுக்கு மேலே. ரோட்டிலிருந்து ஏறும் சிமெண்ட் பாதையில், மூக்கு மேட்டைப் பார்க்க, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்தியிருந்தார்கள். இதை அப்போதே குறித்துக்கொண்டேன்.

ஒரு சின்னச் சோதனையை இரவே ஏற்பாடு செய்திருந்தேன். டேங்கிலிருந்து கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் டீசல் எடுத்து, வண்டிக்குப் பக்கத்திலேயே வெளியில் வைக்கச் சொன்னேன். குளிரில் டீசலின் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கலாம். இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 1460-இன்படி ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கான உச்சவரம்பு குளிர்காலத்துக்கு 6 டிகிரி, கோடைக்கு 18 டிகிரி. அப்படியானால் உறைபனி நாளில், சமவெளியில் பெட்ரோல் பங்கில் நிரப்பிய டீசலைச் சந்தேகிப்பது நியாயம். காலையில் பாட்டிலை டார்ச் முன்னால் பிடித்துப் பார்த்தோம். கலங்கலோ இழையோ இல்லை. மெழுகு காரணமில்லை என்று அங்கேயே தெரிந்தது. காசில்லாத சோதனை, யாரும் செய்யலாம்.

அடுத்து மின்சாரம். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட், புதுசுதான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். 0.9 வோல்ட் காட்டியது. நல்ல எர்த்தில் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) இது 0.2, 0.3-ஐத் தாண்டக்கூடாது. இன்ஜினுக்கு வரும் எர்த் கேபிளின் முனையில் பச்சை பூத்திருந்தது. கழற்றிச் சுரண்டி, போல்ட் உட்காரும் இடத்தையும் உலோகம் தெரியத் தேய்த்து இறுக்கியதும் 0.2-க்கு வந்தது, செல்ஃபின் சுற்றும் கூடியது. இது நிஜமான கோளாறுதான். பேட்டரி சீக்கிரம் தீர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு இது விளக்கமாகாது. ஒரு கோளாறு கையில் சிக்கியதும் அதோடு நிறுத்திக்கொள்வது நம் தொழிலில் சகஜம். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அடுத்த வாரம் வண்டி மறுபடி நின்றிருக்கும்.

புகை சொன்னது

ஒருவரை சாவி போடச் சொல்லிவிட்டு நான் சைலன்சருக்குப் பின்னால் நின்றேன். எடுத்தது. வெள்ளைப் புகை வந்தது, மூன்று விநாடி ஓடியது, சத்தம் இறங்கி அணைந்தது. மறுபடி செல்ஃப் அடித்தபோது புகையே இல்லை. துளிகூட இல்லை.

இந்த இடத்தை நிதானமாகச் சொல்கிறேன். ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால், டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். அப்போது கம்ப்ரஷன், டைமிங் (டீசல் தெளிக்கும் நேரம்), செல்ஃப் வேகம், குளிர் ஆகியவற்றைத் தேட வேண்டும். புகையே வராவிட்டால் டீசல் சிலிண்டருக்குப் போகவே இல்லை. அப்போது இன்ஜினைத் தொடவே வேண்டாம், டேங்கிலிருந்து நாசில்வரை உள்ள பாதையைத்தான் தேட வேண்டும். கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையை நாலு ஒர்க்‌ஷாப்பில் யாரும் செய்யவில்லை, ஏனென்றால் அவர்கள் கண்முன் வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆனது.

பிரைமரைக் கையால் அடித்துப் பார்த்தேன். முதலில் கனமே இல்லை, வெறும் காற்று. இருபது முப்பது அடிக்குப் பிறகு மெல்லக் கனம் வந்து, கடைசியில் கை அழுத்தத்துக்கு எதிர்த்து நின்றது. சாவியைத் திருப்பியதும் எடுத்தது, அப்புறம் அணையவில்லை. அதே இன்ஜின், அதே நாசில், அதே பனி. மாறியது ஒன்றுதான், லைனில் டீசல் வந்துவிட்டது.

ஆக, இரவில் டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்குகிறது. தானாக இறங்காது. எங்கோ காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் இறங்கும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவிலுள்ள லைனில் டீசல் தள்ளப்படுவதில்லை, உறிஞ்சப்படுகிறது. இளநீர் ஸ்ட்ராவில் ஓட்டை விழுந்தால் வெளியே ஒழுகாது, உறிஞ்சும்போது காற்றுத்தான் வரும். அதே கதைதான் இங்கேயும். ஈரமோ சொட்டோ கண்ணில் படாது. "கீழ எங்கயும் டீசல் ஒழுகலையே" என்று வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி. ஒழுகாததே காற்றுப் பிடிக்கும் இடம் உறிஞ்சும் பக்கம் என்பதற்கு ஒரு குறிப்பு.

மூக்கு எந்தப் பக்கம்

டேங்க் சேசிஸின் நடுப்பகுதியில் தொங்குகிறது, இன்ஜின் முன்னால். இரண்டுக்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர். எட்டடிக்கு ஓர் அடி ஏறும் சரிவில் மூக்கு மேலே இருக்க நிறுத்தினால், சமதளத்தில் இருப்பதைவிட ஃபீட் பம்ப் டேங்குக்கு மேலே கால் மீட்டர் கூடுதலாக உயர்ந்துவிடும். மூக்கைக் கீழே வைத்து நிறுத்தினால் அதே கால் மீட்டர் தாழும். இரண்டு நிலைக்கும் நடுவே அரை மீட்டர் வித்தியாசம். சின்ன ஓட்டை உள்ள லைனில் டீசல் நிற்பதா இறங்குவதா என்பதை அந்த அரை மீட்டர் தீர்மானித்துவிடும்.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரரின் மகன் ஒன்றைச் சொன்னான். மழைக்குப் பாதை வழுக்கியதால் வண்டியைத் திருப்பிப் போட்ட நாட்களில் காலையில் சிரமமே இருந்ததில்லையாம். டேங்கை நிரப்பிக்கொண்டு வந்த ராத்திரிகளிலும் அப்படித்தானாம். அதற்கும் காரணம் ஒன்றே: டேங்கில் டீசல் மட்டம் உயர உயர இறங்கும் உயரம் குறையும். பையன் இதையெல்லாம் கவனித்து வைத்திருந்தான், ஆனால் கேட்பார் இல்லை.

அதைச் சோதித்தும் பார்த்தோம். அடுத்து வந்த இன்னொரு உறைபனி இரவில் மூக்கு கீழே பார்க்க நிறுத்தச் சொன்னேன். பனி அதே அளவு. காலையில் முதல் செல்ஃபில் எடுத்து ஓடியது. பனிதான் காரணமென்றால் அன்றும் அணைந்திருக்க வேண்டும்; வண்டி எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது பனிக்குத் தெரியாது. மறுநாள் மூக்கு மேலே, பழைய கதை திரும்பியது.

காற்று நுழையும் இடம்

ஃபீட் பம்புக்கு முன்னால் ஒரு முழம் நீளத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் டியூபை இணைத்தேன். இன்ஜின் ஓடும்போதே குமிழ்கள் வந்தன. பிறகு டேங்கை லைனிலிருந்து கழற்றிவிட்டு, சுத்தமான கேனிலிருந்து டீசலை அந்த டியூபுக்கு நேரடியாகக் கொடுத்தேன். குமிழே இல்லை. அப்படியானால் பம்ப், ஃபில்டர், நாசில் எல்லாம் நல்லவை. கோளாறு கேனை வைப்பதற்காக நான் நீக்கிய பகுதியில் இருக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு இணைப்பாகச் சேர்த்துக்கொண்டே போனேன். சேசிஸ் ஓரமாக வரும் இரும்புக் குழாயிலிருந்து ஃபீட் பம்புக்கு ஏறும் குட்டை ரப்பர் ஹோஸைச் சேர்த்ததும் குமிழ் திரும்பி வந்தது.

ஹோஸைப் பார்த்தால் எதுவும் தெரியாது. கிளிப்பைக் கழற்றி, முனையை வளைத்துப் பார்த்தபோதுதான் கிளிப் பதிந்த தடத்தில் முடி போல வெடிப்புகள் தெரிந்தன. யாரோ முன்பு கிளிப்பை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் வயதாகி விறைத்த பிறகு, உறைபனியில் இன்னும் விறைத்துச் சுருங்கும். இரவில் அந்த வெடிப்பு வாய் திறக்கும், வெயில் ஏறி ரப்பர் இளகினால் மூடிக்கொள்ளும். பத்து மணிக்கு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது கோளாறு இல்லாமல் போனது இதனால்தான். குளிரின் பங்கு இவ்வளவே. அது இன்ஜினை ஒன்றும் செய்யவில்லை, ஓட்டையைத் திறந்துவிட்டது.

வீட்டில் காலையில் டீசல் பம்பின்மேல் வெந்நீர் ஊற்றி ஸ்டார்ட் செய்து பழகியிருந்தார்கள். அதில் சில நாள் வண்டி எடுத்ததால் "பனிதான்" என்ற நம்பிக்கை இன்னும் உறுதியானது. உண்மையில் அந்த வெந்நீர் பம்புக்குப் பக்கத்திலிருந்த ஹோஸைத்தான் இளக்கியிருக்கிறது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். பம்புக்குள் டீசலை அழுத்தும் பிளஞ்சரும் அது ஓடும் பேரலும் மைக்ரான் கணக்கில் பொருந்தியவை. குளிர்ந்த பம்பின்மேல் கொதிநீர் விழுந்தால் உறை ஒரு விதமாகவும் உள்ளுறுப்பு ஒரு விதமாகவும் விரிந்து இறுகிப் பிடித்துவிடலாம். ஏர் ஃபில்டர் வாயில் துணியைக் கொளுத்திப் பிடிப்பதும், ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரேயைத் தாராளமாக அடிப்பதும் இதே வகை. ரிங்கும் பிஸ்டனும் உடைந்த வண்டிகளை நான் பிரித்திருக்கிறேன்.

அந்த கம்ப்ரஷன் கணக்கு

இன்ஜினை இறக்கச் சொன்ன கேஜ் அளவு என்ன என்று கேட்டு வாங்கினேன். நாலு சிலிண்டரிலும் 21-இலிருந்து 22 வரை, சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ கணக்கில். மேனுவலில் இருப்பது 28. தாளில் பார்த்தால் தேய்ந்த இன்ஜின்தான். ஆனால் மேனுவல் கணக்கு கடல்மட்டக் காற்றுக்கானது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். உள்ளே வரும் காற்றே கால் பங்கு குறைவு என்றால், அமுக்கிய பிறகும் கால் பங்கு குறைவாகத்தான் இருக்கும். 28-ஐ இந்த உயரத்துக்கு மாற்றினால் 21-க்கும் 22-க்கும் நடுவில் வரும். இந்த இன்ஜின் காட்டியது அதையேதான். அதைவிட முக்கியம், நாலு சிலிண்டருக்கும் நடுவே வித்தியாசம் மிகக் குறைவு. தேய்ந்த இன்ஜினில் பெரும்பாலும் ஏதோ ஒரு சிலிண்டராவது தனியாக விழுந்திருக்கும்.

கோவையிலிருந்து வாங்கி வந்த கேஜும் அங்கே அச்சடித்த மேனுவலும் வைத்துக்கொண்டு மலைமேல் அளக்கிறவர்கள் இந்தத் திருத்தத்தைச் சேர்க்காவிட்டால், நல்ல இன்ஜின் எல்லாம் கெட்ட இன்ஜினாகத் தெரியும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் எங்கும் அந்தந்த உயரத்துக்கு ஏற்ப இதே கணக்கு பொருந்தும். ஒர்க்‌ஷாப் சுவரில் தங்கள் ஊரின் திருத்தப்பட்ட எண்ணை எழுதி ஒட்டிவைக்கலாம். எத்தனை குடும்பங்களின் பணம் மிச்சமாகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

உருட்டி ஸ்டார்ட் செய்வது பற்றி

இந்த வாரங்களில் அவர்கள் வண்டியைச் சரிவில் உருட்டி, கியரைப் போட்டு ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள். மூக்கு மேலே இருக்கிற வண்டி என்றால் பின்னோக்கி உருளும், ரிவர்ஸ் கியரில் பிடிக்க வேண்டும், கீழே ரோடு. இதை அவரிடம் கோபமாகவே சொன்னேன். இந்த வகை வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்கு வேக்குவம் தரும் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தது. இன்ஜின் சுற்றாவிட்டால் வேக்குவம் இல்லை. தேங்கியிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அதுவும் இருக்காது. பிறகு பெடல் கல்லாகிவிடும். ஒரு டன் கேரட் ஏற்றிய வண்டியை அப்படி உருட்டுவது உயிரோடு விளையாடுவது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடுகிறவர்களுக்கும் இதே பேச்சுத்தான்.

செய்த வேலை

டீசலுக்கான புது ஹோஸ், அகலமான புதுக் கிளிப் இரண்டு, ஃபீட் பம்பில் குழாயை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுகளுக்குப் புது காப்பர் வாஷர்கள். வாஷர் பழுதாக இல்லை. ஆனால் கழற்றிய காப்பர் வாஷரைத் திருப்பிப் போட்டால் அடுத்த காற்று அங்கேதான் நுழையும். டேங்க் பக்கத்து ஹோஸும் அதே வயது என்பதால் அதையும் மாற்றினேன். லைனிலிருந்த காற்றை வெளியேற்றி, எர்த் முனைக்கு கிரீஸ் பூசி மூடினேன். இதுவரை அவர் செலவழித்ததோடு வைத்துப் பார்த்தால் சாமான் விலை சொல்லுமளவுக்கு ஒன்றுமில்லை.

சரிசெய்த பின்னும் தெளிவான டியூபை உடனே கழற்றவில்லை. இரவு மூக்கு மேலே, டேங்க் கால்வாசி, இருப்பதிலேயே மோசமான நிலையில் நிறுத்தச் சொன்னேன். காலையில் கண்ணாடியில் உறைபனி இருந்தது. டியூபில் டீசல் விளிம்புவரை நின்றது, குமிழ் இல்லை. முதல் செல்ஃபில் எடுத்து, கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை விட்டு, சூடேறியதும் அடங்கியது. அந்தக் கொஞ்சப் புகை இந்த உயரத்தில், ஹீட்டர் பிளக் இல்லாத இன்ஜினில் இயல்பு. அதற்காக யாராவது நாசிலைக் கழற்றச் சொன்னால் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டியூபைக் கழற்றி லைனை மூடினேன்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கிறது. ஃபீட் பம்பின் நான்-ரிட்டர்ன் வால்வு (டீசலைத் திரும்பிப் போகவிடாமல் தடுப்பது) பழசு. இப்போது பிடிக்கிறது. அது தளர்ந்தால் இதே அறிகுறி வேறு சாயலில் வரும்: முதலில் மூன்று விநாடி ஓடாமல், ஆரம்பத்திலேயே புகையின்றி செல்ஃப் மட்டும் சுற்றும், ஏனென்றால் ஃபில்டரே காலியாகியிருக்கும். மகனிடம் இந்த வித்தியாசத்தை விளக்கி, அப்படி ஆனால் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காமல் பிரைமரை அடித்துக் கனம் பார்த்துவிட்டுக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். வால்வை வரும் நவம்பரில், பனிக்கு முன்னாலேயே மாற்றுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.